ஊழிய அழைப்பும் இறையியல் படிப்பும்: பகாவிலிருந்து புறப்படுகிறவருக்கு எது பொருந்தும்?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கம் எந்தத் தமிழ்ச் சபைக்குப் போனாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். ஞாயிறு பள்ளி நடத்துவார், வீட்டு ஜெபத்தில் பாட்டு எடுத்துக்கொடுப்பார், நோயாளிகளைப் பார்க்கப் போதகரோடு கூடப் போவார். ஒரு நாள் போதகரிடம் வந்து, "ஐயா, கர்த்தர் என்னை முழு நேர ஊழியத்துக்கு அழைக்கிறார். எங்கே போய்ப் படிக்கட்டும்?" என்று கேட்பார். பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் படித்த இடத்தையே சொல்வார்கள். மதுரையில் படித்தவர் மதுரை என்பார், பெட்டாலிங் ஜெயாவில் படித்தவர் பெட்டாலிங் ஜெயா என்பார். கேட்டவரின் வீட்டு நிலைமை என்ன, எந்த மொழியில் அவருக்குச் சரளம், எந்தச் சபை அவரை அனுப்பப்போகிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. கல்லூரியின் பெயருக்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை அவைதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டப் பகுதியிலிருந்து வருகிற பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி, வேலையை விடாமல், வீட்டிலிருந்தே படிக்கும் விரிவாக்கக் கல்வியில் தொடங்கி, இரண்டு வருடமாவது உள்ளூர்ச் சபையில் உழைத்து, அப்புறம் சிரம்பானில் உள்ள இறையியல் கல்லூரியில் தங்கிப் படிப்பது. தமிழ்நாடு நல்ல வாய்ப்பு, ஆனால் முதல் படியாக அல்ல. இதற்கு விலக்கானவர்களும் உண்டு, அவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. உங்களுக்கு வந்த அழைப்பு குருப்பட்டம் பெற்று முழு நேரப் போதகர் ஆவதற்கா, இந்த ஊர் மக்களுக்கா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் இழுக்கும். மெதடிஸ்ட் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் அதன் தமிழ்ச் சபைகள் தமிழ் ஆண்டு மாநாடு என்ற நிர்வாக அமைப்பின் கீழ் இயங்குகின்றன. போதகர்களை ஊர் ஊராக மாற்றி நியமிப்பது மெதடிஸ்ட் மரபு. குருப்பட்டம் பெற்று வந்த பிறகு, நியமனம் வடக்கே கெடாவில் இருக்கும் சுங்கைப் பட்டாணிக்கு வந்தால் சுங்கைப் பட்டாணிக்குத்தான் போக வேண்டும். கெடிஸ் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவும், சுங்கை சபாலிங் பக்கம் தனியாக விடப்பட்ட முதியவர்களுக்காகவும் உங்கள் மனம் துடிக்கிறது என்றால், முழு நேரப் போதகர் ஆவது உங்களை அவர்களிடமிருந்து பிரித்துவிடக்கூடும். அப்படிப்பட்டவருக்கு, வேலையில் இருந்துகொண்டே சபையில் சாதாரண உறுப்பினராக ஊழியம் செய்ய உதவும் படிப்புதான் பொருத்தம். அது குறைந்த அழைப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார்.

தோட்டங்களில் அந்தக் காலத்தில் சபையைத் தாங்கியவர்கள் உபதேசியார்கள். போதகர் மாதத்துக்கு ஒருமுறை வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை, அடக்கம், ஞானஸ்நான ஆயத்தம் எல்லாம் உபதேசியார் பொறுப்பு. பகலில் பால் வெட்டு, மாலையில் வேதபாடம். இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இப்போது நிறைய வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் பகாவ் டவுனிலும் சிரம்பானிலும் தாமான் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. உபதேசியார் செய்த வேலையின் தேவை மட்டும் குறையவில்லை.

சரி, விரிவாக்கக் கல்விக்கு வருவோம். டி.இ.இ. என்று சபைகளில் சொல்கிறார்களே, அதுதான். 1963-இல் குவாத்தமாலாவில், கிராமத்துச் சபைத் தலைவர்கள் குடும்பத்தையும் நிலத்தையும் விட்டுவிட்டு நகரத்துக் கல்லூரிக்கு வர முடியாமல் தவித்தபோது, கல்லூரியையே அவர்களிடம் கொண்டுபோக ஒரு பிரஸ்பிட்டேரியன் இறையியல் பள்ளி கண்ட வழி இது. மூன்று அங்கங்கள் உண்டு: வீட்டில் தனியாகப் படிக்கும் பாடநூல், சில நாளுக்கு ஒருமுறை வழிகாட்டியோடு கூடிப் பேசும் வகுப்பு, படித்ததைச் சபையில் செய்து பார்ப்பது. பெங்களூரில் 1971-இல் தொடங்கிய டாஃப்டீ அமைப்பு இதே முறையில் தமிழிலும் பாடநூல்கள் தருகிறது. மலேசியாவில் சிரம்பான் கல்லூரியே விரிவாக்க வகுப்புகள் நடத்துகிறது.

இதன் பெரிய பலம், படிப்பும் சபையும் ஒரே வாரத்துக்குள் இருப்பது. புதன் இரவு யோபு புத்தகத்தைப் பற்றிப் படிக்கிறீர்கள். சனிக்கிழமை மகனை விபத்தில் இழந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்தத் தங்கும் விடுதியும் இதைத் தராது. பலவீனம் என்னவென்றால், கிரேக்கம், எபிரெயம், சபை வரலாறு போன்றவற்றை ஆழமாகப் படிக்க நேரம் கிடைக்காது. நல்ல நூலகம் பக்கத்தில் இருக்காது. வழிகாட்டி சரியாக அமையாவிட்டால் பாதியில் நின்றுபோகும். மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு வகுப்பு நாள் ஒத்துவராது. ஆகவே தனியாகச் சேராதீர்கள். சபையில் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சேருங்கள். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் இழுத்துக்கொண்டு போவார்.

அடுத்தது சிரம்பான். செமினாரி தியோலோஜி மலேசியா, சுருக்கமாக எஸ்.டி.எம்., 1979-இல் கோலாலம்பூரில் தொடங்கிப் பின்னர் சிரம்பானுக்கு வந்த கல்லூரி. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து உருவாக்கியது. பகாவிலிருந்து கோலா பிலா வழியாக புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் இறங்கினால் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இந்தத் தூரம் சின்ன விஷயமில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாவிட்டால் அன்று இரவே வீட்டில் இருக்கலாம்.

அதைவிட முக்கியம், அங்கே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவர்கள். சபா, சரவாக் பூமிபுத்ரா (பூர்வகுடி) கிறிஸ்தவர்கள், சீனர்கள், தமிழர்கள் எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். தோட்டத்துத் தமிழ்ச் சபையில் வளர்ந்த ஒருவர், நாட்டின் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி கிழக்கு மலேசியாவில் இருக்கிறார்கள் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் நண்பர்களிடமிருந்து தெரிந்துகொள்வார். இஸ்லாமியப் பெரும்பான்மை நாட்டில் சபை எப்படி வாழ்வது என்பதையும் அங்கே பேசித்தான் ஆக வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) விதி, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. கலப்புத் திருமணம், மதமாற்றம், பிள்ளையின் பதிவு, அடக்கத்தின்போது எழும் தகராறு என்று ஒரு போதகரின் வாசலுக்கு வருகிற பிரச்சினைகளில் பல இதைத் தொட்டுத்தான் நிற்கும். சென்னையில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இதை அங்கே கற்றுத்தர ஆள் இல்லை.

சிரம்பானில் சிரமம் மொழிதான். பட்டப்படிப்பு நிலையில் நிறைய வாசிப்பு ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயில் தேர்வு எழுதி, ஆங்கிலத்தை எட்ட வைத்தே பார்த்த ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு முதல் ஆண்டு மூச்சுத் திணறும். விரிவாக்கக் கல்வியில் இரண்டு வருடம் செலவழிக்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். அந்த இரண்டு வருடத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆங்கில நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வருடத்துக்கு வருடம் எந்த மொழியில் எந்தப் பாடம் நடக்கிறது என்பதையும் பதிவாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இப்போது வீட்டுக் கணக்கு. இதைப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், விசுவாசக் குறைவு என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம். ஆனால் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று சொன்னவர் இயேசுவேதான். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்தச் சம்பளத்தில் இருக்கிறவர் மூன்று வருடம் தங்கிப் படித்தால், கட்டணத்தைச் சேர்க்காமலேயே 61,200 வெள்ளி வருமானம் நின்றுபோகும். ஈபிஎஃப் ஓய்வுகாலச் சேமிப்பும் அதோடு நின்றுபோகும். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனை நம்பித் திட்டம் போடாதீர்கள். இறையியல் கல்லூரிகளுக்கு ஆசிய இறையியல் கழகம் போன்ற அமைப்புகள் தரும் அங்கீகாரம் சபைகளுக்குள்ளும் மற்ற இறையியல் கல்லூரிகளிலும் செல்லும். பின்னாளில் அரசாங்க வேலைக்கு உதவும் என்று அந்தப் பட்டத்தை வாங்கப் போகக் கூடாது.

தோட்டத்தில் இன்னும் ஒரு சிக்கல். நிர்வாகம் கொடுத்த வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், மகன் வேலையில் இருப்பதால் குடும்பம் அதே வீட்டில் இருக்கிறது என்றால், மகன் வேலையை விட்டுச் செமினரிக்குப் போகிற அன்றைக்கே அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள் என்ற கேள்வி வரும். அழைப்பை நினைத்து அழுது ஜெபித்த பல பிள்ளைகள் கடைசியில் வாயைத் திறக்காமல் வேலைக்கே போவது இதனால்தான். சபை மூப்பர்கள் இந்த இடத்தில் வெறுமனே "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் கைகழுவக் கூடாது. டவுனில் ஒரு சின்ன வாடகை வீடு, மூன்று வருடத்துக்கு மாதா மாதம் ஒரு தொகை, அதைச் சபைக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதி வைப்பது: ஒரு பிள்ளையை அனுப்புவது என்றால் இதுவும் சேர்ந்ததுதான். அந்தியோகியாவில் பர்னபாவையும் சவுலையும் பிரித்தெடுத்தபோது, சபை உபவாசித்து ஜெபித்து, அவர்கள் மேல் கை வைத்துத்தான் அனுப்பியது. கை வைக்கிறவர்களுக்குப் பொறுப்பும் உண்டு.

சபைப் பிரிவுகளின் சொந்த வேதாகமக் கல்லூரிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையினருக்குப் பெட்டாலிங் ஜெயாவில் 1960-இல் தொடங்கிய பைபிள் காலேஜ் ஆஃப் மலேசியா இருக்கிறது. பாப்டிஸ்டுகளுக்கு 1954-இல் தொடங்கிய செமினரி பினாங்கு பத்து பெரிங்கியில் இருக்கிறது. நீங்கள் அந்தச் சபையைச் சேர்ந்தவர், அங்கேதான் ஊழியம் செய்யப்போகிறீர்கள் என்றால், அங்கேயே படியுங்கள். உங்களை நியமிக்கப்போகிறவர்களையும் கூட ஊழியம் செய்யப்போகிறவர்களையும் படிக்கும்போதே தெரிந்துகொள்வீர்கள். லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற விரும்புகிறவர் பெந்தெகொஸ்தே கல்லூரியில் படித்துவிட்டு வந்து நின்றால், சபை அவரை மேலும் சில பாடங்கள் படிக்கச் சொல்லலாம், காத்திருக்கவும் சொல்லலாம். பெண்கள் இதை இன்னும் கவனமாக விசாரிக்க வேண்டும். மெதடிஸ்ட் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது. எல்லாச் சபைகளும் அப்படி அல்ல. நான்கு வருடம் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-இல் தொடங்கியது. இறையியலைப் பட்ட நிலையில் தமிழிலேயே கற்பிக்கும் கல்லூரி அது. சாதி, வறுமை, தலித் மக்களின் விடுதலை ஆகியவற்றை இறையியல் பேச்சின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. சென்னையில் குருகுல் லுத்தரன் கல்லூரி இருக்கிறது. இவை இரண்டும், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டின் கீழ் வருகின்றன. வங்காளத்தில் உள்ள செராம்பூர் கல்லூரி 1818-இல் நிறுவப்பட்டது, 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. பி.டி. என்ற இறையியல் இளங்கலைப் பட்டத்துக்கு, நீங்கள் எந்தத் தகுதியோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, நான்கோ ஐந்தோ வருடம் ஆகும்.

தமிழில் சிந்தித்து, தமிழில் ஜெபித்து, தமிழில் வாதாடிப் படிப்பதன் சுகமே தனி. ஆங்கிலத்தில் கிருபையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கு, அதையே ஒரு தோட்டத்துப் பாட்டிக்கு விளக்க வார்த்தை வராமல் போவதைப் பார்த்திருக்கிறேன். மதுரையில் படித்தவருக்கு அந்தத் தடுமாற்றம் இருக்காது. சாதியைப் பற்றி அங்கே நடக்கும் பேச்சும் நமக்குத் தேவை. நம் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே அப்பத்தைப் புசிக்கிறோம், பெண் பார்க்கும்போது மட்டும் தாத்தா எந்த ஊர், எந்த ஆட்கள் என்று விசாரிக்கிறோம். இதைப் பீடத்திலிருந்து நேராகப் பேசத் துணிகிற போதகர்கள் நமக்கு வேண்டும்.

இருந்தும், பள்ளிப் படிப்பு முடித்த கையோடு ஒரு பிள்ளையை அங்கே அனுப்பத் தயங்குகிறேன். நான்கைந்து வருடம் என்பது பெரிய இடைவெளி. அதற்குள் இங்கே சபையின் இளையோர் மாறியிருப்பார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் தங்களுக்குள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுகிற தலைமுறை இது. சுத்தமான தமிழ்நாட்டு மேடைத் தமிழில் ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்டால், பெரியவர்கள் ஆமென் சொல்வார்கள், பிள்ளைகள் போனைப் பார்ப்பார்கள். படிக்கப் போக மாணவர் விசா வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ப் படிக்க முடியாது. நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வரவும் முடியாது. ஆகவே, இங்கே படித்துச் சில வருடம் ஊழியம் செய்த பிறகு மேற்படிப்புக்கு மதுரைக்கோ சென்னைக்கோ போவதுதான் சிறப்பு. நான் சொன்ன விலக்கு இதில்தான்: முப்பது வயதைத் தாண்டியவர், நல்ல தமிழ் வாசிப்பு உள்ளவர், ஆங்கிலத்தில் தேர்வு எழுத முடியவே முடியாதவர், இங்கே ஒரு சபை அவரை அனுப்பித் திரும்ப ஏற்கத் தயாராக இருக்கிறது என்றால், மதுரைக்கு நேராகவே போகலாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகளின் பாதை வேறு. அங்கே கல்லூரியை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. பங்குத் தந்தையிடம் பேசி, மறைமாவட்டத்தின் இறையழைத்தல் பொறுப்பாளரைச் சந்தித்து, அவர்கள் வழிகாட்டலில் போக வேண்டும். நெகிரி செம்பிலான் கோலாலம்பூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. பினாங்கின் காலேஜ் ஜெனரல் குருமடம் 1665-இல் சயாமின் அயுத்தயாவில் தொடங்கி, 1808-இல் பினாங்குக்கு வந்தது. மெய்யியல், இறையியல் என்று ஏழெட்டு வருடப் பயிற்சி, மணமாகா வாழ்வு. செலவைத் திருச்சபை பார்த்துக்கொள்ளும். பெற்றோர் கொடுப்பது மகனை. பகாவ் மண்ணில் வளர்கிற பிள்ளைகள் ஆயர் அட்ரியன் டெவால்ஸைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், 1943 இறுதியிலிருந்து, சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களை இந்தக் காட்டில் குடியேற்றியபோது அவர்களோடு கூடவே வந்து தங்கியவர் அவர். மலேரியாவும் பசியும் பலரைக் கொண்டுபோயின. அவரும் 1945 ஜனவரியில் இறந்தார்.

கடைசியாக, குறுக்கு வழிகள். ஆறு மாதத்தில் சான்றிதழ், அடுத்த மாதம் குருப்பட்டம், கொஞ்சம் கூடப் பணம் கட்டினால் டாக்டர் பட்டமும் உண்டு என்று விளம்பரம் செய்கிற இடங்கள் பெருகிவிட்டன. வேண்டவே வேண்டாம். தரங்கம்பாடியில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன்தான் இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் சுதேசப் போதகர். அவர் 1718-இல் ஞானஸ்நானம் பெற்றவர். பல வருடம் உபதேசியாராக ஊழியம் செய்த பிறகே அவர் தலையில் கை வைத்தார்கள். நம் லுத்தரன் சபைகளின் வேரே அந்தத் தரங்கம்பாடிதான். ஆன்லைன் படிப்பு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளும் இன்று ஆன்லைனில் பாடம் நடத்துகின்றன. அங்கீகாரம் யார் தந்தது, பாடம் நடத்துகிறவர் எங்கே படித்தவர், உங்கள் கட்டுரையை யாராவது வாசித்துத் திருத்துகிறாரா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் சேரலாம்.

ஆக, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த நல்ல கல்லூரியின் விண்ணப்பமும் உங்கள் போதகரின் பரிந்துரையைக் கேட்கும். எனவே இணையத்தில் கல்லூரிகளைத் தேடுவதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள், கணவனோ மனைவியோ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐயா உடனே உற்சாகப்படுத்தாவிட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். என்ன தயக்கம் என்று கேட்டு, அவர் சுட்டிய விஷயத்தில் ஆறு மாதம் உழைத்துவிட்டு மறுபடியும் போங்கள். அப்போதும் காரணம் சொல்லாமல் மறுத்தால், மூப்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மாவட்டக் கண்காணிப்பாளரைப் பார்ப்பதில் தவறில்லை. அதுவரை ஞாயிறு பள்ளி வகுப்பை யாரிடமும் ஒப்படைத்துவிடாதீர்கள்.